நாற்காலியும் ஒரு மீட்டர்தான்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு)



ஒரு டயாலிசிஸ் மெஷினுக்குள் எத்தனை அளவுக் கருவிகள் இருக்கின்றன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரத்தம் வெளியே வரும் குழாயில் ஒரு ப்ரஷர் சென்ஸார், திரும்பிப் போகும் குழாயில் இன்னொன்று. காற்றுக் குமிழ் உடம்புக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள அல்ட்ராசோனிக் டிடெக்டர். சவ்வு கிழிந்து ரத்தம் கசிந்தால் கண்டுபிடிக்க, ஒளியை வைத்து வேலை செய்யும் டிடெக்டர். கழுவுகிற திரவத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க கண்டக்டிவிட்டி செல், சூட்டைப் பார்க்க டெம்பரேச்சர் சென்ஸார். நிமிஷத்துக்கு 200 முதல் 300 மில்லி ரத்தம் சவ்வின் ஒரு பக்கம் ஓட, சுமார் 500 மில்லி திரவம் மறு பக்கம் எதிர்த்திசையில் ஓட, நாலு மணி நேரம் இவை அனைத்தும் காவல் காக்கின்றன. ரத்தப் பக்கம் ஏதாவது எல்லை தாண்டினால் அலாரம் அடித்து பம்ப் தானாக நின்றுவிடும். நாம் லேபில் தனித்தனியாகப் படிக்கிற பாதி சிலபஸ் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

அதோடு விடுவதில்லை. யூரியா எத்தனை சதவீதம் இறங்கியது என்று லேபில் பார்ப்பார்கள். 65 சதவீதமாவது இறங்கியிருந்தால்தான் டயாலிசிஸ் சரியாக நடந்தது என்று கணக்கு.

எல்லாம் சரி. ஆனால் இத்தனையும் ரத்தத்தைப் பற்றிய கணக்கு. கட்டிலில் படுத்திருக்கிற மனுஷன் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போவாரா என்பதை இதில் எந்த மீட்டரும் காட்டாது. அதை அளக்க ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு டேப், கையால் அழுத்துகிற ஒரு சின்னக் கருவி, இவ்வளவுதான் வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. குழித்தறியில் முப்பது வருஷம் நெய்தவர். சர்க்கரையில் கிட்னி போய், இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருவன்தான். அதனால் ஆஸ்பத்திரி ஃபைலைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்கிற உத்தியோகம் எனக்கு. ஃபைலில் ஹீமோகுளோபின், பொட்டாசியம், க்ரியாட்டினின், ப்ரஷர், எடை என்று பக்கம் பக்கமாக நம்பர்கள். எட்டு மாசமாக எடை 54 கிலோ. "பரவாயில்லையே, குறையாம அப்படியே இருக்காரே"ன்னு பெரியம்மா சந்தோஷப்படுவாங்க. அந்த எட்டு மாசத்தில்தான் அவர் தறிக் குழியிலிருந்து கை ஊன்றாமல் ஏறுவதை விட்டார். பிறகு தறியையே விட்டார். அந்தப் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு டெக்னீஷியனிடம் இதைக் கேட்டேன். "தம்பி, இங்க மெஷினைப் பார்க்கவே ஆள் பத்தல, ஆளைப் பார்க்க ஏது நேரம்?" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் அத்தனை கட்டில்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷ் புத்தகங்களில் இந்த நிலைக்கு 'ஃப்ரெயில்ட்டி' என்று பெயர். 'நலிவு' என்று வைத்துக்கொள்ளலாம். எங்க வீட்டில் "ஆளு ஒடிஞ்சு போயிட்டாரு" என்பார்கள். வயசாவது வேறு, நலிவு வேறு. தேய்ந்த பேரிங்கை நினைத்துப் பாருங்கள். லோடு இல்லாமல் சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும். லோடு ஏறியதும் சத்தம் கிளம்பும். நலிந்த உடம்பும் அப்படியே. ஒரு சின்னக் காய்ச்சலோ, பாத்ரூமில் ஒரு வழுக்கலோ வந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

இதற்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்று 2001-ல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரைட் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரின் விவரங்களை வைத்து ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். முயற்சி செய்யாமலே எடை குறைதல் (ஒரு வருஷத்தில் சுமார் நாலரை கிலோ அல்லது 5 சதவீதம்), எதைச் செய்தாலும் களைப்பு, கைப்பிடி பலக் குறைவு, நடை வேகக் குறைவு, அன்றாட உழைப்புக் குறைவு. மூன்று சேர்ந்தால் நலிவு. ஒன்றிரண்டு இருந்தால் நலிவின் வாசற்படி. அந்த வயதான ஜனங்களிடையே சுமார் 7 சதவீதம் பேர்தான் நலிந்தவர்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் அதே ஐந்தை அளந்தால்? பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 146 பேரை அளந்து 2013-ல் எழுதினார்கள். 41.8 சதவீதம்! கிழவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம், 65-க்குக் கீழே இருந்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல். மூன்று வருஷத்துக்குள் இறந்தவர்கள், நலிவு இல்லாதவர்களில் 16 சதவீதம், நலிந்தவர்களில் 40 சதவீதம். வயசையும் மற்ற வியாதிகளையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. யூரியாவுக்குத் தனி லேப் வைத்திருக்கிற நாம், இதை அளக்காமல் விடலாமா, சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. கிட்னி நின்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும், அது தசையைக் கரைக்கும். ரத்த சோகை இருக்கும். பசி இருக்காது. அதோடு, கழிவை வெளியேற்றுகிற அதே சவ்வு வழியாக உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடுகின்றன. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் படுக்கை, போக வர பயணம், வந்த பிறகு எழுந்திருக்க முடியாத அசதி. உபயோகிக்காத தசை தேயத்தான் செய்யும்.

இனி அந்த ஐந்து அடையாளங்களை நம் துறைக் கண்ணோடு கொஞ்சம் உரசிப் பார்ப்போம். முதலில் எடை. இதில்தான் பெரிய ஏமாற்று இருக்கிறது. கிட்னி வேலை செய்யாதவருக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று கிலோ ஏறுவது சகஜம். அந்தத் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடைக்கு 'ட்ரை வெயிட்' என்று பெயர். அதை டாக்டர் வீக்கம், மூச்சு, ப்ரஷர் எல்லாம் பார்த்து முடிவு பண்ணுகிறார். இப்போது வே-பிரிட்ஜில் நிற்கிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் நெல்லை இறக்கிவிட்டு இரண்டு டன் மணலை ஏற்றினால் மீட்டர் அதே நம்பரைத்தான் காட்டும். அதுபோல மூன்று கிலோ தசை கரைந்து, மூன்று கிலோ தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்தால் தராசு "எல்லாம் நலம்" என்கும். பெரியப்பாவின் 54 கிலோ அப்படிப்பட்ட நம்பர்தான். பிறகு டாக்டர் அவருடைய ட்ரை வெயிட்டை இரண்டு கிலோ குறைத்தபோது எனக்கு இது விளங்கிற்று.

க்ரியாட்டினினும் இதே மாதிரி. அது தசையிலிருந்து வருகிற பொருள். ஆகவே டயாலிசிஸில் இருப்பவருக்கு அது மாசாமாசம் தானாகக் குறைந்துகொண்டே போனால், தசை குறைகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். "க்ரியாட்டினின் இறங்கிடுச்சு"ன்னு உடனே லட்டு வாங்கிவிடக் கூடாது!

அடுத்தது கைப்பிடி. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. ஹேண்ட் டைனமோமீட்டர். அதில் 'ஜமார்' என்ற வகை 1950-களிலிருந்து உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. மூடிய ஹைட்ராலிக் அமைப்பு. பிடியை அழுத்தினால் உள்ளே திரவத்தின் ப்ரஷர் ஏறும், டயலில் முள் கிலோவாகவும் பவுண்டாகவும் காட்டும். இன்னொரு முள் அதிகபட்ச அளவிலேயே நின்றுவிடும், நாம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றலாம், பெரும்பாலும் இரண்டாவது நிலையில் வைப்பார்கள். உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூன்று தடவை அழுத்தச் சொல்லுவார்கள்.

டயாலிசிஸ்காரருக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. அவர் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்திருப்பார்கள். 'ஃபிஸ்டுலா' என்பார்கள். ஊசி அதில்தான் போடுவார்கள். அந்தக் கையை விட்டுவிட்டு மறு கையில்தான் அளக்க வேண்டும். ப்ரஷர் பட்டை கூட அந்தக் கையில் சுற்றக் கூடாது. எந்தக் கையில் அளந்தோம் என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்த மாசம் வேறு கையில் அளந்துவிட்டு "பலம் குறைஞ்சிடுச்சு" என்று பதறுவோம்.

ஃப்ரைட் குழுவின் அளவில், ஒல்லியான ஆணுக்கு 29 கிலோ அல்லது அதற்குக் கீழ், ஒல்லியான பெண்ணுக்கு 17 கிலோ அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பலக் குறைவு. ஆனால் இது அமெரிக்க முதியவர்களில் கடைசி ஐந்தில் ஒரு பங்கை வைத்துப் போட்ட கோடு. நம் ஊர் ஆளின் உடல்வாகு வேறு. அதனால் ஒருவரை அமெரிக்கரோடு ஒப்பிடுவதைவிட, போன மாசத்து அவரோடு ஒப்பிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

நடை வேகம் சுலபம். 15 அடி தூரத்தைச் சாதாரணமாக நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பது. உயரம் குறைந்தவருக்கு 7 செகண்ட், உயரமானவருக்கு 6 செகண்ட் அல்லது அதற்கு மேல் ஆனால் மெதுவான நடை. களைப்புக்கு இரண்டே கேள்விகள். எதைச் செய்தாலும் பாரமாக இருந்ததா, எதையும் தொடங்கவே முடியாமல் இருந்ததா. வாரத்தில் மூன்று நாளாவது அப்படி என்றால் ஒரு அடையாளம்.

ஐந்தாவதான அன்றாட உழைப்புக்கு வருவோம். ஃப்ரைட் குழுவினர் ஒரு பட்டியலை வைத்து, வாரத்துக்கு இத்தனை கலோரி என்று கணக்குப் போட்டார்கள். ஆணுக்கு 383, பெண்ணுக்கு 270-க்குக் கீழே போனால் உழைப்புக் குறைவு. பட்டியலில் என்ன இருக்கிறது தெரியுமா? நடை, வீட்டு வேலை, தோட்ட வேலை, நீச்சல் எல்லாம் உண்டு. கூடவே புல் வெட்டுவது, கோல்ஃப், பௌலிங், டென்னிஸில் ஒற்றையர் தனி, இரட்டையர் தனி! பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கோல்ஃப்னா என்னடா, அது சாப்பிடறதா?" என்று கேட்டார். எங்கள் தெருவில் குடத்தை இடுப்பில் வைத்து நாலு நடை தண்ணீர் தூக்குகிறார்களே, குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறார்களே, பாவு ஓட்டுகிறார்களே, ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறார்களே, அதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இன்னொரு கேள்வித்தாள் இருக்கிறது. 'ஹ்யூமன் ஆக்டிவிட்டி ப்ரொஃபைல்' என்று பெயர். சுலபமானதிலிருந்து கஷ்டமானது வரை வரிசையாக 94 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்: இப்போதும் செய்கிறேன், செய்வதை விட்டுவிட்டேன், எப்போதுமே செய்ததில்லை. அந்த நடுப் பதில்தான் தங்கம். எப்போதும் நீந்தாதவர் நீந்தாததில் செய்தி இல்லை. குடம் தூக்கியவர் தூக்குவதை விட்டார் என்பதுதான் செய்தி. நம் ஊர் வேலைகளை இதே மாதிரி வரிசைப்படுத்தி ஒரு தாள் தயாரிப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை.

சரி, அளப்பானேன், ஆளையே கேட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் 638 டயாலிசிஸ் நோயாளிகளிடம் இரண்டையும் செய்து 2014-ல் ஒப்பிட்டார்கள். கேள்வி கேட்டு முடிவு செய்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் நலிந்தவர்கள். கைப்பிடியையும் நடையையும் நேரில் அளந்தபோது மூன்றில் ஒரு பங்குதான். கேள்வி அதிகமாகக் காட்டுகிறது. அப்படியானால் எப்போதும் அதிகமாகத்தான் காட்டுமா என்றால், இல்லை. முன்பு சொன்ன 146 பேரில் தங்களை 'நலிந்தவர்' என்று தாங்களே சொன்னவர்கள் மிகச் சிலரே. எங்க பெரியப்பாவும் அந்தக் கட்சி. டாக்டர் கேட்டால் "நல்லா இருக்கேனுங்க" என்பார், நர்ஸ் கேட்டாலும் அதே. சுமையாகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. கேள்வியின் பிழை இரண்டு பக்கமும் போகும். ஒரே பக்கம் போகிற ஜீரோ எர்ரர் என்றால் கழித்துவிடலாம், இதைக் கழிக்க வழியில்லை.

நடமாட்டத்தைக் கேட்காமலே அளக்க ஆக்ஸிலரோமீட்டர் இருக்கிறது. நம் எல்லோர் செல்ஃபோனிலும் இருக்கிற அதே சிலிக்கான் சில்லு. உள்ளே மெல்லிய விட்டத்தில் தொங்கும் ஒரு துளி எடை அசையும்போது கெப்பாசிட்டன்ஸ் மாறும், அது சிக்னலாகும். 2000-ம் ஆண்டு வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 34 டயாலிசிஸ் நோயாளிகளுக்கும், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 80 ஆரோக்கியமானவர்களுக்கும் இடுப்பில் இதைக் கட்டி ஒரு வாரம் பார்த்தார்கள். சோம்பேறிகளைவிடவும் நோயாளிகளின் நடமாட்டம் 35 சதவீதம் குறைவு! ஒரு வாரம் ஏன்? டயாலிசிஸ் நாளின் நடமாட்டம் வேறு, மறுநாளின் நடமாட்டம் வேறு. இரண்டும் கலந்து வந்தால்தான் சராசரிக்கு அர்த்தம். செல்ஃபோனை வைத்தே எண்ணலாமே என்று நானும் யோசித்தேன். பெரியப்பா ஃபோனை ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் வைத்துவிட்டு வெறும் மேலோடு சுற்றுவார். சட்டை எத்தனை அடி நடக்கும்!

எல்லாவற்றிலும் மலிவான கருவி நாற்காலி. கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை முழுசாக எழுந்து முழுசாக உட்கார வேண்டும். ஐந்தாவது தடவை நிமிர்ந்து நின்றதும் வாட்ச்சை நிறுத்துங்கள். 1994-ல் அமெரிக்காவில் ஜாக் குரால்னிக் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனையின் பகுதி இது. 11.2 செகண்டுக்குள் முடித்தால் 4 மார்க், 13.7-க்குள் என்றால் 3, 16.7-க்குள் 2, அதற்கு மேல் ஒரு நிமிஷத்துக்குள் 1, முடியாவிட்டால் சைபர். இதோடு நிற்கும் சமநிலைக்கு 4, நடைக்கு 4, ஆக மொத்தம் 12. ஹாஸ்டல் நண்பர்கள் இப்போதே எழுந்து செய்து பாருங்கள், நம் வயசுக்கு விளையாட்டாக முடிந்துவிடும். பெரியப்பாவுக்கு முதல் தடவை 19 செகண்ட். ஐந்தாவது எழுச்சியில் தொடை நடுங்கிற்று. ஃபைலில் எட்டு மாசம் தேடியும் கிடைக்காதது ஒரு பழைய மர நாற்காலியில் கிடைத்தது.

மலிவு என்பதற்காக அலட்சியமாக அளக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே உயரம். பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்துக்கொண்டு உயரம் மாறும், வேண்டாம். நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்தவுடன் ப்ரஷர் இறங்கியிருக்கும், அப்போது எழுந்து நிற்கச் சொல்வது ஆபத்து. இரண்டு நாள் இடைவெளி விட்டு வருகிற நாளில் உடம்பில் தண்ணீர் அதிகம். அதனால் வாரத்தின் நடுவில் வருகிற டயாலிசிஸுக்கு முன்பாகப் பார்ப்பது நல்லது. டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு செய்யணும். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவரை வீட்டில் சோதிக்கவே கூடாது.

அளந்து என்ன பண்ணப் போகிறோம்? மார்க் குறைந்தவரை "இவர் தேற மாட்டார்" என்று ஒதுக்கி வைக்கத்தான் இந்த நம்பர் பயன்படும் என்றால், அளக்காமலே இருக்கலாம். இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய 'எக்ஸைட்' என்ற ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு குழு டயாலிசிஸ் இல்லாத நாட்களில், வீட்டிலேயே, பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு தடவை நடந்தது. வேகத்துக்குத் தாளம் போட மெட்ரோனோம், சங்கீதக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. ஆறு மாசத்தில் இவர்கள் ஆறு நிமிஷத்தில் நடந்த தூரம் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. நடக்காத குழு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் 39 மீட்டர் என்பது எங்கள் வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை உள்ள தூரம். நடக்க முடியாதவருக்கு அது சின்ன விஷயமில்லை.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பெரியப்பாவுக்கு நாற்காலிப் பயிற்சி சொல்லிக் கொடுத்தது அப்படி வந்த ஒரு அக்காதான். இப்போது அவருடைய ஐந்து எழுச்சிக்கு 16.1 செகண்ட். ஒரு மார்க் கூடியிருக்கிறது. தறிக்குப் போக இது போதாது.

கடைசியாக ஒரு சேதி. வெளிநாட்டு டைனமோமீட்டரின் விலை சிறிய ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் பேட்ச் இந்த வருஷ ப்ராஜக்டாக லோடு செல்லும் ஹெச்.எக்ஸ்.711 சில்லும் வைத்து ஒன்று செய்து பார்க்கிறோம். எடைக் கற்களைத் தொங்கவிட்டு 5 கிலோவிலிருந்து 50 கிலோ வரை காலிப்ரேட் செய்தாயிற்று, நேர்கோடு நன்றாகவே வருகிறது. தகராறு பிடியில்தான். இரும்புப் பிடி உள்ளங்கையை அறுக்கிறது, ரப்பர் சுற்றினால் ரீடிங் கொஞ்சம் நழுவுகிறது. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் யாராவது ஒரு நல்ல பிடி கடைந்து கொடுத்தால் உதவியாக இருக்கும். சனிக்கிழமை மதியம் மெஷர்மெண்ட்ஸ் லேபில்தான் இருப்போம்.